எஸ்டேட் பிக்கப்பை எழுப்புகிறவர்களுக்கு: அறிகுறி பார்த்துப் பழுது பிடித்தல், அதன் பிறகு டிஸ்க் வாங்குதல்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழைய ஷெட்டுகளைத் திறந்து பார்த்தால் ஜீப் வகைப் பிக்கப் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கும். மூட்டை சுமந்து ஸ்பிரிங் பட்டை தட்டையாகியிருக்கும், டயர் காற்றிறங்கி மண்ணில் பதிந்திருக்கும், பின் தொட்டியில் சில்வர் ஓக் சருகு மக்கிக் கிடக்கும். அதை விலை பேசி, சேலத்துக்கு இறக்கி, இன்ஜின் போர் பண்ணி, டிங்கரிங் முடித்து, பெயிண்ட் அடித்தாயிற்று. வண்டி உருண்ட மறுநாளே எல்லாருக்கும் கை போகிற இடம் சக்கரம்தான். அகல டயர், பளபள டிஸ்க் (டயர் ஏறுகிற உலோகச் சக்கரம்). மாட்டியதும் 45 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. டயர்தான் சரியில்லை என்று அடுத்த செட்டுக்குக் காசு போகிறது.

என் கட்சி வேறு. ஓட்டுகிறவர் உணர்கிற ஆட்டம், இழுப்பு, சூடு எல்லாம் சக்கரத்தில்தான் தெரியும். பிறந்த இடம் பெரும்பாலும் அதற்கு உள்ளே: ஹப் (சக்கரம் போல்ட்டில் ஏறுகிற நடுப்பகுதி), கிங்பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிற அச்சு), பட்டை, பிரேக் லைன். வண்டியோடு வந்த துருப்பிடித்த டிஸ்க்கிலேயே எல்லாப் பழுதையும் தீர்த்துவிட்டுப் புது டிஸ்க் வாங்கினால் ஒரு செட்டோடு வேலை முடியும். வரிசையை மாற்றினால் எது பழைய நோய், எது புது டிஸ்க் கொண்டுவந்த நோய் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இங்கே பேசுவது 1950, 60களின் வில்லிஸ் குடும்பம்: மஹிந்திரா போட்ட சி.ஜே. ஜீப்புகள், அதே அடிச்சட்டத்தில் கட்டிய பிக்கப்கள். 5 போல்ட் சக்கரம், முன்னும் பின்னும் பட்டை, முன் எக்ஸலில் மூடிய உருண்டை நக்கிள் (சக்கரத்தோடு திரும்புகிற மூட்டு), நடுவில் பெல் கிராங்க் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்துகிற கை). பெரிய பழைய லாரியை எழுப்புகிறவர்களுக்கு ரிங் டிஸ்க் பற்றிக் கடைசிப் பக்கம் ஒரு பகுதி இருக்கிறது. அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

“இடது பக்க நட் கழலவே மாட்டேங்குது”

நாலடி பைப்பை ஸ்பானரில் சொருகி மேலே ஏறி மிதிப்பதற்கு முன்னால் போல்ட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஆங்கில ‘எல்’ எழுத்து குத்தியிருந்தால் அது லெப்ட் திரெட். வழக்கமாக இறுக்குகிற பக்கம் சுற்றினால்தான் கழலும். பழைய வில்லிஸ் வகையில் இடது பக்கச் சக்கரங்களுக்கு லெப்ட் திரெட், வலது பக்கத்துக்கு ரைட் திரெட். ஓட்டத்தில் நட் தளராமல் இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் போட்ட கணக்கு. இது தெரியாமல் போல்ட்டை முறித்துக்கொண்டு லேத்துக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

எழுத்து இல்லையென்றால் ரைட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறுபது வருஷத்தில் யாராவது ஒரு ஹப்பை மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருக்கலாம். நான்கு சக்கரத்தையும் தனித்தனியே பாருங்கள். கூடவே போல்ட்டின் தடிமனையும் வெர்னியரில் அளந்துவிடுங்கள். ஒரிஜினல் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. நடுவில் யாராவது 12 மி.மீ. போல்ட் அடித்திருந்தால் அரை இன்ச் நட் அதில் லொடலொடவென்று ஏறிவிடும். மரை இடைவெளி ஒன்றுக்கு 1.27, இன்னொன்றுக்கு 1.25 மி.மீ. என்பதால் கையில் வித்தியாசமே தெரியாது. இறுக்கும்போது பிடிப்பதுபோல இருக்கும். சுமையோடு ஒரு வளைவு திரும்பினால் மரை உரிந்துவிடும். அந்த ஹப்பின் ஐந்து போல்ட்டையும் மாற்றுவதுதான் வழி. எந்தப் பக்கம் எந்தத் திரெட் என்பதை டிரம்மிலேயே பெயிண்டால் எழுதிவையுங்கள், அடுத்தவன் பைப்போடு வராமல் இருக்க.

“நாப்பது அம்பதுல முன்பக்கம் உதறுது, பிரேக் தொட்டாத்தான் நிக்குது”

இதுதான் பெரிய வியாதி. சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியதும் தொடங்கும்; ஸ்டியரிங் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும்; வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். ஸ்டியரிங் டேம்பர் (உதறலை உறிஞ்சுகிற ஷாக் அப்சார்பர்) போட்டு அடக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். நோய் அப்படியே இருக்க, அடையாளம் மட்டும் மறையும்.

முதலில் காற்று. இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு. அடுத்து, காசு செலவில்லாத ஒரு சோதனையை அடிவாரத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: “டயர் வாங்குறது இருக்கட்டுங்ண்ணா. முன்னாடி சக்கரம் ரெண்டையும் பின்னாடி போட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. ஆட்டம் பின்னாடி போச்சுன்னா சக்கரம். முன்னாடியே நின்னுச்சுன்னா காசைப் பையிலயே வெச்சுக்கங்க.” இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கும் தெரியாது.

முன்னாலேயே நின்றதா? இப்போது படுத்துப் பார்க்கிற வேலை. இன்ஜினை நிறுத்தி, சக்கரம் தரையிலேயே இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாக நான்கு விரல் அளவு மட்டும் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டியரிங் பாக்ஸ் கையிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். முந்தைய துண்டு அசைந்த கணமே அடுத்தது அசைய வேண்டும். எங்கே ஒரு துண்டு அசைந்து மற்றொன்று காத்திருக்கிறதோ அங்கே தேய்மானம். இந்த வண்டிகளில் நான் முதலில் விரல் வைக்கிற இடம் பெல் கிராங்க். கிராஸ் மெம்பரில் நிற்கிற அந்த ஒற்றைப் பின், கிரீஸ் காணாமல் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். விரலை பெல் கிராங்க்குக்கும் பின்னுக்கும் நடுவே வைத்தால் ‘டக் டக்’ என்று அடிப்பது தோலிலேயே தெரியும். சேலத்தில் புஷ் கடையாத லேத் இல்லை. பின், புஷ் இரண்டையும் சேர்த்தே கடையச் சொல்லுங்கள். பழைய பின்னுக்குப் புது புஷ் போட்டால் மழைக்காலம் தாண்டாது.

அதற்குப் பிறகு ஜாக்கி. சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12, 6 இருக்கிற இடத்தில் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு வந்தவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். பிரேக்கையும் மீறி ஆடினால் கிங்பின்.

வீல் பேரிங்குக்கு, சக்கரம் சுற்றச் சிரமப்படும் வரைக்கும் நட்டை இறுக்கி, அங்கிருந்து ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, லாக் வாஷரின் விளிம்பை மடக்கிவிட வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்றவும் வேண்டும், பக்கவாட்டில் லொடக்கென்று ஆடவும் கூடாது. கிங்பின்னுக்கு, நக்கிளின் மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டுகிற மெல்லிய தகடு) இருக்கும். எடுத்தால் இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள்; மேலே மட்டும் எடுத்தால் உள்ளே இருக்கிற எக்ஸல் ஜாயின்ட் நடுவிலிருந்து விலகிவிடும். சரியாக இறுகிய நக்கிளைக் கையால் திருப்பினால் கொஞ்சம் கனமாக, ஒரே சீராகத் திரும்பும். ஊஞ்சல்போல லேசாகப் போகிறதென்றால் இன்னும் தளர்வு இருக்கிறது. ஆட்டத்தை அடக்குவது அந்தக் கனம்தான்.

கடைசியாக டோ, அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்பது. முன் டயர் இரண்டையும் தூக்கிச் சுற்றவிட்டு, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை இறக்கிக் கொஞ்சம் உருட்டிவிட்டு, ஹப் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தால் போதும். முன்பக்கம் 1 முதல் 2.5 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். கேஸ்டர், அதாவது கிங்பின்னின் பின்சாய்வு, 3 டிகிரி. யாராவது சுமைக்காக ஒரு பட்டை கூட்டியிருந்தாலோ நீள ஷேக்கிள் (பட்டை முனையைச் சட்டத்தோடு இணைக்கிற தொங்கட்டை) போட்டிருந்தாலோ கேஸ்டர் போயிருக்கும். திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராததே அதற்கு அடையாளம். கிங்பின்னின் மேல் முனை பின்னால் சாய்கிற மாதிரி ஆப்பு ஷிம் வைத்து மீட்கலாம்.

ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டை இறுக்குவதில் தொடங்குகிறவர்கள் அதிகம். அது கடைசியாகத் தொட வேண்டியது. மற்ற இடத்துத் தளர்வைப் பாக்ஸில் இறுக்கிச் சரிக்கட்டினால் வளைவில் ஸ்டியரிங் மாட்டிக்கொள்ளும்.

“வேகம் ஏற ஏற லேசா அதிருது, கையைப் பிடுங்கல”

முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டபோது கூடவே பின்னால் போனது இந்த வகைதான். இங்கே சக்கரம் குற்றவாளியாக இருக்கலாம். டிஸ்க்கின் உள் வளையத்தில் காய்ந்த செம்மண் ஒட்டியிருந்தால்கூட இப்படி அதிரும், முதலில் கழுவுங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கி, ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் முனை டிஸ்க் விளிம்பைத் தொடாமல் தொடுகிற அளவில் வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டிஸ்க்கை ஹப்பில் இரண்டு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். கோணல் டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க் வளைவு. ஹப்பின் அதே இடத்தில் நின்றால் ஹப் வளைவு. ஹப் வளைந்திருக்கும்போது எந்த விலையில் டிஸ்க் வாங்கினாலும் அதிரும்.

நைலான் டயர் நெடுநாள் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும். ஓட ஓடச் சூடேறியதும் சரியானால் கவலையில்லை. சரியாகாவிட்டால், அல்லது பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால், பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர் கட்டை) இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று பார்க்காமல் மாற்றுங்கள். பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம்.

“ஒரு பக்கம் இழுக்குது”

எப்போதுமா, பிரேக் போட்டால் மட்டுமா? எப்போதும் என்றால் காற்று, டயர் கலப்படம் (ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல்), பட்டையின் சென்டர் போல்ட் என்ற வரிசையில் பாருங்கள். சென்டர் போல்ட் முறிந்தால் எக்ஸல் ஒரு பக்கம் நழுவும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் இரு பக்கமும் டேப் பிடித்தால் உடனே அம்பலம். பிரேக்கில் மட்டும் என்றால் டிரம்மைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஷூவில்தான் நக்கிள் ஆயிலோ கிரீஸோ இறங்கியிருக்கும். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தினால் சரியாகிவிடும் என்பது வெறும் பேச்சு. சூடேறியதும் மறுபடி கக்கும். மாற்றிவிடுங்கள்.

“மலை இறங்கினதும் ஒரு டிரம் மட்டும் கொதிக்குது”

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்குக் குறையாது. சுமையோடு இரண்டு டன் வருகிற வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற சக்தியைக் கணக்குப் போட்டால் ஆறரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் இன்ஜின் பிடித்து நிறுத்தாத பங்கெல்லாம் டிரம்மில் சூடாகத்தான் இறங்கும். ஆகவே நான்கு டிரம்மும் சூடாக இருப்பது நோயில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால்தான் நோய். தொட்டுப் பார்க்காதீர்கள், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கிறேன் என்று போகாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிப்பு விடும்.

கொதிக்கிற சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். பிடித்துக்கொண்டு நிற்கிறதா? அந்தச் சக்கரத்தின் ஏர் எடுக்கிற நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் சீறி வெளியேறி, சக்கரம் விடுபட்டால் லைனில் அழுத்தம் தங்கியிருந்தது என்று பொருள். ஆயில் வந்தும் விடுபடாவிட்டால் குற்றம் டிரம்முக்குள்: துருப்பிடித்த வீல் சிலிண்டர், முறிந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், ஷூ அட்ஜஸ்ட்மென்ட் மிஞ்சியது.

அழுத்தம் தங்கியிருந்தால் அடுத்த கேள்வி, எங்கே தங்கியது என்பது. மறுபடி பிரேக் மிதித்துப் பிடிக்கவைத்து, இந்த முறை நிப்பிளைத் தொடாமல் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் தள்ளுகிற முதல் சிலிண்டர்) வெளியே வருகிற பைப் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் மாஸ்டரில் கோளாறு. பெரும்பாலும் பெடலுக்கு பிளே இல்லாமல் ராடு பிஸ்டனைத் தள்ளியபடியே நிற்பதுதான். பெடல் முதல் அரை இன்ச் சும்மா இறங்க வேண்டும். மாஸ்டரில் தளர்த்தியும் சக்கரம் விடாமல், நிப்பிளில் மட்டும் விடுகிறதென்றால் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போயிருக்கிறது. மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்ப விடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும், அதனால்தான் வீல் சிலிண்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

வாசனை நடுவிலிருந்து வந்து சக்கரம் நான்கும் ஆறியிருந்தால் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்பர் கேஸுக்கு (முன், பின் எக்ஸலுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) பின்னால் ஷாப்ட்டில் இருக்கிறது.

“இறக்கத்துல கியர் வெளிய வந்துருது”

ஆக்சிலரேட்டர் விட்டதும் லீவர் நியூட்ரலுக்குக் குதிக்கிறது என்றால் மலைப்பக்கம் போவதை அன்றோடு நிறுத்துங்கள். கையால் லீவரைப் பிடித்துக்கொண்டே இறங்குவது வழியே இல்லை. அந்தக் கை ஸ்டியரிங்குக்குத் தேவை. கியர் பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் பெல் ஹவுசிங் போல்ட்டுகள், பாக்ஸின் ரப்பர் மவுன்ட் இரண்டையும் பாருங்கள். பாக்ஸ் இன்ஜினோடு நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலே கியர் குதிக்கும். அடுத்தது மேல் மூடியில் இருக்கிற பால், ஸ்பிரிங். சின்னச் சாமான், பல சமயம் அதோடு முடிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மெயின் ஷாப்ட் பேரிங், சிங்க்ரோ என்று ஆழமான வேலை.

“கொண்டை ஊசியில நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகல”

பெட்ரோல் வண்டியில், மதிய வெயிலில், இருபது கொண்டை ஊசியில் பாதி ஏறியதும் வரும். இன்ஜினை ஒட்டிய பம்பில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஈரத்துணியை பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆனால் சந்தேகமில்லை. ஆகாவிட்டால் காயிலைப் பாருங்கள். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு உதவி செய்வதில்லை. பழைய பம்ப் டயாப்ரம், ரப்பர் பைப் இரண்டையும் அது தின்றும்விடுகிறது. எத்தனால் தாங்குகிற ரப்பராக மாற்றி, பைப்பை சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

“புது பெயிண்ட் அடிச்ச டிஸ்க்குல நட் தளர்ந்துகிட்டே இருக்கு”

பழைய டிஸ்க்கைப் பவுடர் கோட்டிங் கொடுத்து வாங்கியவர்கள் சொல்கிற புகார். நட்டின் கூம்பு போய் உட்கார்கிற குழியில் தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் இரும்பு இரும்போடு சேராது. ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கும், இறுக்கம் போகும். அந்தக் குழிகளையும், ஹப்போடு ஒட்டுகிற முகத்தையும் சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். உலர்ந்த மரையில் அரை இன்ச் போல்ட்டுக்குச் சுமார் 100 நியூட்டன்-மீட்டர், நட்சத்திர வரிசையில். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு.

கோட்டிங்குக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே துளைகளைப் பார்த்திருக்க வேண்டும். வட்டத் துளை நீண்டு போயிருந்தால், நட்டிலிருந்து துரு கதிர்போலப் பரவியிருந்தால், துளைக்கும் காற்றுத் திறப்புக்கும் நடுவே மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இனி டிஸ்க் வாங்கலாம்

பி.சி.டி., அதாவது போல்ட்டுகளின் நடுவழியே போகிற வட்டத்தின் விட்டம். இந்தக் குடும்பத்துக்கு 5 போல்ட், 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை இன்ச். ஐந்து துளையில் எதிரெதிர் அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். அளந்த இடைவெளி 82 மி.மீ. இருந்தால் சரி. மாருதி ஜிப்ஸியும் இதே 139.7 என்பதால் அதன் டிஸ்க் ஏறிவிடும் என்று கடையில் தைரியமாக எடுத்துக் கொடுப்பார்கள். துளை சேர்ந்தால் மட்டும் போதாது. ஹப்பின் நடுக்குழல் துளைக்குள் நுழைய வேண்டும், நட்டின் கூம்பும் டிஸ்க்கின் குழியும் ஒரே சாய்வாக இருக்க வேண்டும், டிரம்மும் டை ராடு முனையும் உரசக் கூடாது. வாங்கும் முன் ஒன்றை மட்டும் எடுத்துவந்து, டயர் இல்லாமல் மாட்டி, முழுசாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தராத கடையில் வாங்காதீர்கள்.

ஆப்செட். டிஸ்க்கின் ஹப் முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. சக்கரம் வெளியே தள்ளி நின்றால் படத்துக்கு அழகு. ஆனால் வெளிப் பேரிங்குக்குச் சுமை கூடும், கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை அடிக்கும், பாடிபட்டு கிங்பின்னில் எடுத்த ஆட்டம் சீக்கிரமே திரும்பி வரும். பழைய டிஸ்க்கின் அளவிலிருந்து ஒரு இன்ச்சுக்குமேல் விலக வேண்டாம் என்பது என் வரம்பு. ஸ்பேசர் (ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்கிற வளையம்) போடுவது என்றால் வேண்டவே வேண்டாம்.

விட்டமும் அகலமும். ஜீப் அளவுக்கு ஒரிஜினல் 6.00-16 டயர், நாலரை இன்ச் அகல டிஸ்க். ஆள் உயரத்துக்குத் தோன்றட்டும் என்று 7.00-16க்குப் போகிறவர்கள் அதிகம். விட்டம் 8 சதவீதம்போலக் கூடும். மீட்டர் 40 காட்டும்போது வண்டி 43இல் போகும். அதைவிட முக்கியமானது, அதே 8 சதவீதம் டிரம்மின் பிடி தரையில் குறையும், இன்ஜின் பிரேக்கிங்கும் குறையும். சமவெளியில் இது ஒரு பொருட்டில்லை. மலையிறக்கத்தில் இரண்டும் ஒன்றாகக் குறைகின்றன. பெரிய டிரம் போட்ட பிக்கப்பாக இருந்தால் 7.00-16 தாங்கும், அதற்கும் 5 அல்லது 5.5 இன்ச் அகல டிஸ்க் வேண்டும். 9 இன்ச் டிரம்மோடு இருக்கிற வண்டியில் அதை நான் போட மாட்டேன்.

15 இன்ச் ரேடியலுக்குப் போவதாக இருந்தால் 215/75 ஆர்15இன் வெளி விட்டம் 703 மி.மீ., 235/75 ஆர்15 என்றால் 733. பழைய டயர் 720 பக்கம். இரண்டுமே அதற்கு நெருக்கம் என்பதால் கியர் கணக்கு கெடாது. 215க்கு டிஸ்க் அகலம் ஐந்தரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ரேடியல் போட்டால் நான்கிலும் ரேடியல். பெங்களூர் ரோட்டில் அடிக்கடி போகிறவர்களுக்கு இதுதான் நல்லது: நேர்ப்பாதையில் அலையாது, மழையில் பிடிக்கும். வாரம் முழுக்கத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் மிளகும் காப்பியும் ஏற்றுகிறவர்களுக்கு ஒடுக்கமான 16 இன்ச் நைலானே மேல். ஒடுக்க டயர் சேற்றை வெட்டி அடித்தரையைப் பிடிக்கும். அகலமானது மேலேயே வழுக்கும்.

அலாயா, இரும்பா? தோட்டத்துப் பாதையில் இரும்பு டிஸ்க் வளைந்தால் சுத்தியலால் தட்டி வீடு சேரலாம். அலாய் வெடித்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு அலாய் போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சுமை தாங்கும் அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் டிஸ்க்கைப் பிக்கப்பில் மாட்டாதீர்கள்.

மாட்டின பிறகு வருகிறவை

முழு லாக்கில் டயர் பட்டையை உரசுகிறதா? நக்கிளில் இருக்கிற ஸ்டாப்பர் போல்ட்டை வெளிப்பக்கம் திருகி நீட்டினால் உரசல் போகும், கூடவே திரும்புகிற வட்டம் பெரிதாகும். கொண்டை ஊசியில் ஒரே திருப்பில் வந்துகொண்டிருந்த வண்டி ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும், பின்னால் பஸ் நிற்கும்போது. உரசல் அதிகமானால் டயர்தான் தப்பு, ஸ்டாப்பர் இல்லை.

போர் வீல் லீவர் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறதா? முன், பின் டயர் விட்டம் ஒன்றாக இல்லை, அல்லது தார் ரோட்டில் போர் வீலில் ஓட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடுபட்டு லீவர் வந்துவிடும். விட்டத்தை அளந்து சமமாக்காமல் மறுபடி போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் பல்லைக் காவு கொடுப்பீர்கள்.

ரிங் போட்ட டிஸ்க்

பழைய டாட்ஜ், பெட்போர்டு, டாட்டா-மெர்சிடஸ் லாரிகளின் 20 இன்ச் டிஸ்க்கில் லாக் ரிங் (டயரை டிஸ்க்கில் பிடித்து நிறுத்துகிற இரும்பு வளையம்) இருக்கும். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து டயர்க்காரர்களுக்கு இது பால்பாடம். ஜீப்பில் பழகிவிட்டு லாரிக்கு வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். நட்டைத் தொடுவதற்கு முன் வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். துருப்பிடித்த, வளைந்த ரிங்கை மறுபடி போடாதீர்கள், வேறு டிஸ்க்கின் ரிங்கைச் சேர்க்காதீர்கள். காற்று ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸோடு விலகி நில்லுங்கள். காற்று ஏறிய பிறகு ரிங் சரியாக உட்காரவில்லை என்று சுத்தியலால் தட்டி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ராணுவ ஏலத்தில் வந்த ஜீப்புகளில் இரண்டு பாதியாக போல்ட் போட்டுச் சேர்த்த டிஸ்க் வரும். அதிலும் இதே ஆபத்து: ஹப் நட் எது, பாதிகளைச் சேர்க்கிற நட் எது என்று பிரித்தறியாமல் காற்றோடு கழற்றக் கூடாது.

ஆர்.சி.யும் ஸ்டெப்னியும்

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டியை 2021இல் வந்த விதியின்படி ‘வி.ஏ.’ வரிசை எண்ணோடு விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம். அடிச்சட்டம், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. பதிந்த பிறகு தினமும் ரோட்டில் ஓட்டவோ வியாபாரத்துக்கு எடுக்கவோ முடியாது. ஆகவே தோட்டத்துச் சுமைக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை, வழக்கமான எப்.சி.தான். எந்த வழியானாலும் வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு உண்டு. மட்கார்டுக்கு வெளியே துருத்துகிற டயரோடு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். நான்கு புது அளவு, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு என்றால் பஞ்சரான நாளில் மேலே சொன்ன லீவர் தொல்லையும் இழுப்பும் ஒன்றாக வரும். புது டிஸ்க்குக்கு நட் வேறாக இருந்தால் ஸ்டெப்னிக்கும் அதே நட்தானா என்று பார்த்து, லெப்ட் திரெட் நட் ஒன்றிரண்டு கூடுதலாக டூல்ஸ் பெட்டியில் போட்டுவையுங்கள். சாதாரணக் கடைகளில் அது கிடைக்காது.